அம்பாசடரின் உட்பக்க இன்சுலேஷன்: சணலா, பியூட்டைலா, ரப்பர் ஃபோமா?

பழைய அம்பாசடரில் கால் வைக்கும் மேட்டைத் தூக்கினால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கறுத்து நைந்த சணல் ஃபெல்ட், அதற்குக் கீழே பொருக்குப் பொருக்காக உரியும் தார், அதற்கும் கீழே துரு. எஞ்சினுக்கும் காரின் உட்பகுதிக்கும் நடுவே நிற்கும் ஃபயர்வால் தகட்டில் இருந்த அட்டை பாதி உதிர்ந்திருக்கும். கதவின் உட்பக்கப் பலகையான டோர் பேடின் அடி விளிம்பு தண்ணீர் குடித்து உப்பி, ரெக்சின் தனியாகப் பிரிந்து நிற்கும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி, எதைப் போடுவது? ஸ்பேர் கடையில் ஒன்று சொல்வார்கள், குஷன் கடையில் இன்னொன்று, வீடியோ பார்த்துவிட்டு வந்த நண்பர் மூன்றாவது ஒன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரிதான். அம்பாசடருக்கு, அதுவும் சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் ஓடும் அம்பாசடருக்கு எது சரி என்று பார்ப்போம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பொருளைப் போட்டாலும் அது தனித்தனிப் பேனலாக, கையால் தூக்கினால் வருகிற மாதிரி இருக்க வேண்டும். தரை முழுவதும் ஒட்டி மூடும் எந்த முறையையும் இந்த வண்டிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. 1956-இல் இங்கிலாந்தில் வந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ்தான் அம்பாசடரின் மூலம். 2014-இல் அதைச் செய்த உத்தரபாரா ஆலை நின்றுபோகும்வரை அந்த உடலின் அடிப்படை மாறவில்லை. அது மோனோகாக். தனியாக சேஸிஸ் கிடையாது; தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் சில்லும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்படி இல்லை, அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. அதில் தரை ஓட்டையானால் தகடு வைத்துச் சமாளிக்கலாம். அம்பாசடரில் தரை போனால் வண்டியின் பலமே போகிறது. அதனால் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, வருடம் ஒரு முறையாவது தரையை வெளிச்சத்தில் பார்த்தே ஆக வேண்டும். பார்க்க முடியாதபடி மூடிவிட்ட பிறகு உள்ளே இருப்பது எவ்வளவு உயர்ந்த ஷீட்டாக இருந்தும் என்ன பயன்?

முதலில் எதைத் தடுக்கப் போகிறோம்?

கடைக்குப் போகும் முன் இதை யோசித்துவிட வேண்டும். சூடு ஒரு பிரச்சினை, சத்தம் வேறு பிரச்சினை, ஒரே ஷீட் இரண்டையும் நன்றாகத் தடுப்பது அபூர்வம். சத்தத்திலும் இரண்டு வகை உண்டு. தகடு தானே அதிர்ந்து எழுப்பும் சத்தம் ஒன்று. கதவுத் தகட்டை விரலால் தட்டினால் டங்கென்று கேட்கிறதே, அது. அதற்கு வேண்டியது அதிர்வைத் தின்றுவிடும் பிசுபிசுப்பான ஷீட். எஞ்சினிலிருந்தும் டயரிலிருந்தும் காற்று வழியே வருகிற சத்தம் இன்னொன்று. அதைத் தடுக்கக் கனம் வேண்டும், அதோடு ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும்.

ஓட்டை விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதை விட்டுவிட்டுப் பொருளுக்குச் செலவு செய்கிறார்கள். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மிச்சப் பகுதி எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் சத்தம் குறையாது. பழைய அம்பாசடரின் ஃபயர்வாலை உள்ளே உட்கார்ந்து பாருங்கள், ஒருவர் வெளியே பானட்டைத் திறந்து டார்ச் அடிக்கட்டும். ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடம், வயரிங் நுழையும் இடம், பெடல் தண்டு, யாரோ எப்போதோ ஹாரனுக்காகப் போட்ட துளை என்று வெளிச்சம் பல இடத்தில் தெரியும். அந்தத் துளைகள் வழியாகச் சத்தம் மட்டும் வருவதில்லை, எஞ்சின் புகையும் சூடும் வரும். சில நூறு ரூபாய்க்கு ரப்பர் கிராமெட் வாங்கி இவற்றை அடைப்பதுதான் இந்த வேலை முழுவதிலும் காசுக்கு அதிகப் பலன் தரும் பகுதி. அதை முடித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள், அப்புறம் இன்சுலேஷனைப் பற்றி யோசியுங்கள்.

சூட்டுக்கு வருவோம். 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டும் (பெட்ரோல் கலவை உள்ளே போகும் குழாயும், சூடான புகை வெளியேறும் குழாயும்) இடது பக்கத்தில் இருக்கின்றன. சூட்டை அதிகம் வாங்குவது முன்சீட்டில் இடது பக்கம் உட்காருபவரின் கால்தான். கூரை வெயிலில் வாங்கும் சூடு வேறு கணக்கு. அங்கே எஞ்சினுக்குச் சம்பந்தமே இல்லை.

பழையபடி சணல் ஃபெல்ட்டும் தாரும்

வண்டி அசலாக இருக்க வேண்டும் என்பவர்களின் தேர்வு இது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். சணல் ஃபெல்ட் சத்தத்தை உறிஞ்சுவதில் நல்ல பொருள். அதன் நார்களுக்கு இடையே தங்கும் காற்று சூட்டையும் ஓரளவு நிறுத்தும். மிதித்தால் கால் பதியும் அந்த மென்மை புது ஃபோம்களில் வராது. உத்தரபாரா இருப்பது சணல் ஆலைகள் வரிசை கட்டிய ஹூக்ளிக் கரையில். அந்த ஊர் வண்டியில் சணல் இருப்பது பொருத்தமும்கூட.

குறை ஒன்றுதான், ஆனால் அது பெரியது. சணல் தண்ணீரைக் குடித்தால் விடாது. முன் கண்ணாடி ரப்பர் கொஞ்சம் விலகினால் போதும், மழைநீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி ஃபெல்ட்டில் தேங்கும். மேலே ரப்பர் மேட் இருப்பதால் காயவும் வழியில்லை. வாரக்கணக்கில் ஈரத்துணியைத் தகட்டின்மேல் போட்டு வைத்த மாதிரி ஆகிவிடும். பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தென்னைநார் ஃபெல்ட்டைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நார் சணலைவிட மெதுவாகத்தான் மக்கும், சீக்கிரமும் காயும். ஆனால் மெல்லிய ஷீட்டாக இருக்கும்போது இழைகளுக்கிடையே இடைவெளி அதிகம் என்பதால் சத்தம் தாராளமாகப் புகுந்து வரும். சீட்டுக்குள் ரப்பர் கலந்த நார் நல்ல பொருள், தரைக்கு வேண்டாம்.

கட்டட வேலைக்கு விற்கும் தார் ஷீட்டை வாங்கிக் கதவிலும் கூரையிலும் ஒட்டுகிறார்கள். விலை குறைவு, உண்மைதான். சித்திரை வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் அது இளகி நாற்றமடிக்கும், செங்குத்தான இடத்தில் வழுகி இறங்கும். கூரையில் ஒட்டினால் ஒரு நாள் உட்கூரைத் துணியான லைனிங்கோடு தலையில் விழும். வேண்டவே வேண்டாம்.

பழையதைப் பிரிக்கும்போது ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்து வண்டிகளில் எஞ்சின் பக்க அட்டையிலும் எக்ஸாஸ்ட்டை ஒட்டிய தடுப்புகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த அட்டை பயன்பட்டது சாதாரணம். சாம்பல் நிறத்தில், நார்நாராக உதிரும் அட்டையைப் பார்த்தால் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, சரியான முகக்கவசம் போட்டு, துண்டாக உடைக்காமல் எடுத்து, தடித்த பிளாஸ்டிக் பைக்குள் கட்டுங்கள். சந்தேகம் வந்தாலே இப்படிச் செய்வதுதான் சரி. வேலை செய்யும் பையன் வெறும் மூக்கோடு அதைக் கிழித்துக்கொண்டிருப்பதை நாம் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

பியூட்டைல் ஷீட்

ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறு பக்கம் ஒட்டும் கறுப்புப் பசை. 2 மி.மீ. தடிமனில் வருவது பரவலாகக் கிடைக்கிறது. சென்னையில் ஜி.பி. ரோட்டில் ஸ்பீக்கர் மாட்டும் கடைகளில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அதிர்வை அடக்குவதில் இதற்கு இணை இல்லை. கதவில் ஒட்டிவிட்டு மூடிப் பாருங்கள், தகர டப்பா சத்தம் போய் பழைய பென்ஸ் கதவு மாதிரி கேட்கும். அதில் மயங்கித்தான் பலர் வண்டி முழுக்க ஒட்டிவிடுகிறார்கள்.

அது தேவையே இல்லை. தகட்டின் பரப்பில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, நடுப்பகுதியில் ஒட்டினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு மேல் ஒட்டுவது எடையையும் செலவையும்தான் கூட்டும். ஒரு சதுர மீட்டர் பியூட்டைல் சுமார் 3.5 கிலோ இருக்கும். அம்பாசடரின் தரையும் டோ போர்டும் (முன்னால் கால் ஊன்றும் சரிவுத் தகடு) சேர்ந்து ஏறக்குறைய 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழுக்க ஒட்டினால் 10 கிலோவுக்கு மேல் ஏறும். மூன்றில் ஒரு பங்கு ஒட்டினால் 3.5 கிலோ.

எடையைவிட எனக்குக் கவலை துருதான். பியூட்டைல் ஒட்டினால் உரிக்க வராது. சூடு காட்டிச் சுரண்ட வேண்டும். அதன் விளிம்பு எங்காவது தூக்கிக்கொண்டு உள்ளே ஈரம் போய்விட்டால், கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் தரையில் தட்டையான நடுப்பகுதியில் மட்டும் சிறு துண்டுகளாக ஒட்டுங்கள். வெல்டிங் இணைப்புகள், சில் ஓரம், வடிகால் துளைகள் இவற்றை விட்டுத் தள்ளி ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து நன்றாகக் காயவிட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பியூட்டைல் சூட்டைத் தடுக்காது. வெள்ளியாக மின்னுகிறதே என்று நினைப்போம். அலுமினியத் தாள் கதிராக வரும் சூட்டைத் திருப்பி அனுப்ப, அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். தகட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே அழுந்திக் கிடந்தால் அது வெறும் உலோகம், சூட்டை அப்படியே கடத்தும். மலிவாகக் கிடைக்கும் வெள்ளித்தாள் குமிழி ஷீட்டுக்கும் இதே விதிதான். தரையில் போட்டு மிதித்தால் குமிழி நசுங்கி ஒன்றுக்கும் ஆகாது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் வைத்தால் உருகும். கூரைத் தகட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவே இடம்விட்டுத் தொங்கினால் மட்டும் அதற்குக் கொஞ்சம் பயன் உண்டு.

ஏசி டக்ட் வேலைக்கான ரப்பர் ஃபோம்

எனக்குப் பிடித்தது இதுதான். ஏசி குழாய்க்கும் டக்ட்டுக்கும் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம். கார் கடையில் கேட்காதீர்கள், ஏசி வேலைக்குச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள், விலை நன்றாகக் குறையும். இதன் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் மூடியே இருப்பதால் தண்ணீரைக் குடிக்காது. சூட்டைக் கடத்தும் அளவில் நல்ல ஃபெல்ட்டுக்குச் சமம். 6 மி.மீ.யிலிருந்து பல தடிமன்களில் கிடைக்கும், கத்தரிக்கோலால் வெட்டலாம்.

சத்தத்துக்கு மட்டும் இது தனியாகப் போதாது, ஏனென்றால் கனம் இல்லை. டீசல் அம்பாசடரின் கடகடப்பை வெறும் ஃபோம் தடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். சிறு துண்டு வெட்டி, வெளியே திறந்த இடத்தில் இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். நல்ல நைட்ரைல் ஃபோம் நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளைப் பேக்கிங் ஃபோம் எரிந்துகொண்டே சொட்டும். அதைக் காருக்குள் வைப்பது ஆபத்து. தெர்மாகோல் இன்னும் மோசம், பெட்ரோல் பட்டாலே கரைந்துவிடும். கண்ணாடி இழைப் பஞ்சும் வேண்டாம். நார் பறந்து மூச்சில் போகும், ஈரத்தையும் தேக்கும்.

கன வினைல்

ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ இருக்கும் தொளதொள ஷீட். காற்றுவழிச் சத்தத்தை நிறுத்துவதில் மற்ற எல்லாவற்றையும்விடக் கெட்டி. தகட்டில் நேராக ஒட்டாமல் கீழே ஃபோம் வைத்து மிதக்க விட வேண்டும், விளிம்புகள் ஒன்றோடொன்று மூட வேண்டும். அப்படிப் போட்டால் டீசல் எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கும். தரைக்கு மட்டும் 15 கிலோ கூடும், விலையும் அதிகம்.

ஆனால் உங்கள் வண்டியில் ஏசி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏசி இல்லாத அம்பாசடரை நாலு கண்ணாடியும் இறக்கித்தான் ஓட்டுவோம். திறந்த கண்ணாடி வழியாகக் காற்றுச் சத்தமும் பஸ் ஹாரனும் வந்துகொண்டிருக்கும்போது தரையில் கன வினைல் போட்டு என்ன தடுக்கப் போகிறோம்? அந்தப் பணத்தைக் கூரைக்கும் ஃபயர்வாலுக்கும் செலவிடலாம். ஏசி போட்ட, தினமும் ஓடுகிற டீசல் வண்டி என்றால் கன வினைல் போடலாம், அதுவும் ஃபயர்வாலிலும் டோ போர்டிலும் மட்டும்.

செட்டாக வாங்குவதா, செய்வதா?

மாரிஸ் மைனர், எம்ஜிபி, பீட்டில் மாதிரி வண்டிகளுக்கு வெட்டித் துளை போட்ட செட்டுகள் வெளிநாட்டில் விற்கின்றன. அம்பாசடருக்கு அந்த வழியில் நான் போக மாட்டேன். உடல் ஒன்றுதான் என்றாலும் கியர் லீவர் ஸ்டீயரிங்கில் இருந்த வண்டி, தரைக்கு வந்த வண்டி, டேஷ்போர்டு மாறிய மார்க்குகள் (அடுத்தடுத்து வந்த மாடல்கள்) என்று துளைகளின் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 40 வருடத்தில் டிங்கரிங் செய்தவர்கள் போட்ட பேட்ச் வேறு. வெட்டி வந்த செட்டை மறுபடி வெட்டத்தான் வேண்டியிருக்கும், அதற்கு ஷிப்பிங்கும் சுங்கவரியும் கட்டுவானேன்?

குஷன் கடையில் கொடுத்தால் இரண்டு நாளில் முடியும், ரெக்சின் வேலையும் சுத்தமாக இருக்கும். ஆனால் அவர்கள் பழக்கம் எல்லாவற்றையும் சொலூஷன் தடவி ஒட்டிவிடுவது. 'தரையில் ஒட்ட வேண்டாம், பேனலாக வேண்டும்' என்று முதலிலேயே சொல்லி, பக்கத்தில் நிற்க வேண்டும். நான் சொல்வது இரண்டையும் கலந்த வழி: அளவெடுப்பதும் வெட்டுவதும் நாம், ரெக்சின் தைப்பதும் இழுத்து ஒட்டுவதும் அவர்கள்.

பழைய அட்டை எவ்வளவு மோசமாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம் இல்லாத அட்டை என்றால் அதுதான் அச்சு. உடைந்த துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்து, பிரவுன் பேப்பரில் சுற்றி வரைந்து, வண்டியில் வைத்துப் பார்த்துத் திருத்துங்கள். ஒவ்வொரு காகிதத்திலும் எந்தப் பக்கம் மேலே வரும், எந்தப் பக்கம் எஞ்சினைப் பார்க்கும் என்று எழுதிவிடுங்கள். இடது வலது புரட்டி வெட்டப்படும் ஷீட்டுகள்தான் இந்த வேலையில் அதிகம் வீணாவது. சுற்றிலும் 5 மி.மீ. குறைத்து வெட்டினால் எடுத்துப் போடச் சுலபம். தரையை ஒரே துண்டாகச் செய்யாமல் முன் இடது, முன் வலது, நடுவே மேடாக ஓடும் டனலின் மேல், பின்பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேனல் நகராமல் இருக்க வெல்க்ரோவோ டிச் பட்டனோ போதும். தகட்டில் புதிதாகத் துளை போட வேண்டாம்.

பேனலின் அமைப்பு எளிது. கீழே நைட்ரைல் ஃபோம், ஏசி போட்ட டீசல் வண்டி என்றால் டோ போர்டில் மட்டும் அதன்மேல் கன வினைல், எல்லாவற்றுக்கும் மேல் மேட். சணலின் மென்மை வேண்டும் என்றால் மேட்டின் அடிப்பக்கத்திலேயே ஃபெல்ட்டைத் தைத்துவிடுங்கள். மழையில் நனைந்தால் மேட்டோடு சேர்த்து எடுத்துக் கொடியில் காயப்போடலாம்.

ஃபயர்வாலின் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் தனி. மேனிஃபோல்டின் சூடு பல நூறு டிகிரி. அங்கே ஃபோமைத் தடிக்கத் தடிக்க வைப்பதைவிட, எஞ்சின் பக்கம் ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை 10, 15 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்துவது பல மடங்கு பலன் தரும். இதற்கும் புதுத் துளை வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் போல்ட்டுகளில் பட்டி கொடுத்து மாட்டலாம்.

டோர் பேட்

இங்கே இன்சுலேஷனைவிடப் பலகைதான் முக்கியம். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் கதவுக்குள் போய் அடித்துளைகள் வழியாக வெளியேற வேண்டும், வண்டியை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பேடுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் இல்லாவிட்டால் ஹார்ட்போர்டு ஒரு மழைக்காலத்தில் உப்பிவிடும். தாளின் அடி விளிம்பைக் கதவின் உள்ளே நுழைத்துவிட வேண்டும், அப்போதுதான் தண்ணீர் உள்ளேயே சொட்டும்.

பலகைக்கு 3 மி.மீ. ஹார்ட்போர்டு, மெல்லிய மரைன் பிளை, பிவிசி ஃபோம் போர்டு மூன்றும் கிடைக்கின்றன. பிவிசி தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் வெயிலில் நின்றால் நெளியும், கிளிப் துளையும் சீக்கிரம் பெரிதாகும். மரைன் பிளை விலை கூட, ஆனால் நிற்கும். நான் பிளையைத்தான் சொல்வேன், விளிம்பிலும் துளைகளிலும் வார்னிஷ் இரண்டு கோட் ஊறவிட்டு. எதை எடுத்தாலும் பழைய தடிமனைத் தாண்டாதீர்கள். 6 மி.மீ. பலகையும் அதன்மேல் ஃபோமும் வைத்தால் கிளிப் கதவில் பிடிக்காது, கண்ணாடி சுற்றும் கைப்பிடி அதன் தண்டில் உட்காராது. மெத்தென்று வேண்டும் என்றால் ரெக்சினுக்கு அடியில் 3 மி.மீ. ஃபோமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதவின் வெளித்தகட்டில் உள்பக்கமாக இரண்டு மூன்று பியூட்டைல் துண்டு போதும், வடிகால் துளையை மட்டும் மறைக்காதீர்கள்.

50 வருடம் தாண்டிய வண்டி

மார்க் 1, மார்க் 2 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவு நடந்து 50 வருடம் கடந்த வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கழற்றக்கூடிய பேனல் இந்த நிபந்தனையில் சிக்காது. அப்படிப்பட்ட வண்டியில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு முழுக்கப் பழையபடியே இருக்கட்டும்: அதே நிற ரெக்சின், அதே தையல் கோடு, ரப்பர் மேட். அடியில் மட்டும் சணலுக்குப் பதில் நைட்ரைல் ஃபோம். எடுத்த பழைய ஃபெல்ட்டில் நல்ல துண்டு ஒன்றைக் காயவைத்து, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதிப் பத்திரப்படுத்துங்கள். வண்டியை அடுத்து வைத்திருக்கப் போகிறவருக்கு உதவும்.

கூரையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், லைனிங்கைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது. லைனிங் நன்றாக இருந்தால் இன்சுலேஷனுக்காக மட்டும் பிரிக்க வேண்டாம். பழைய துணி திரும்ப இழுத்தால் கிழியும். கிழிந்து எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் அந்தச் சந்தர்ப்பத்தை விடக் கூடாது, வெயில் சூட்டுக்கு இந்த வண்டியில் கூரைதான் பெரிய வாசல். நடுவில் பியூட்டைல் நாலைந்து துண்டு, மற்ற இடமெல்லாம் லேசான 6 மி.மீ. நைட்ரைல் ஃபோம். இந்த ஒரே இடத்தில் ஒட்டாமல் முடியாது. அதனால் தகட்டை நன்றாகத் துடைத்து, சூடு தாங்கும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கை ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகு அழுத்துங்கள். லைனிங்கைத் தாங்கும் கம்பிகள் உட்காரும் இடத்தில் ஃபோமை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் துணி சீராக இழுபடாது. லைனிங் மாட்டுவதற்கு முன் வண்டியை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்துங்கள். எந்தத் துண்டாவது இறங்கினால் அப்போதே தெரிந்துவிடும்.